தவசியின் மிச்சம்

எருமைமட்டத்தில் அந்த வருஷம் பதினேழு ஆண்கள் மலைக்கு மாலை போட்டார்கள். பதினேழு பேரும் மாலை போட்ட அன்று இரவே வழக்கம்போல ஒயின்ஷாப் பாரிலும் வந்து உட்கார்ந்தார்கள். வீட்டில் கறுப்பு வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, சரணம் சொல்லி, வெறும் பாயில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்த அதே ஆள், அதே நேரத்தில், கடைசி பஸ் திரும்பும் வளைவுக்கும் மேலே, தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவில் ஒண்டியாய் நிற்கும் தகரக் கொட்டகையில், குரங்குக் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, பிராந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். ஊருக்கு முதலில் வந்தது ஆச்சரியம் இல்லை, எரிச்சல்தான். இவன்களுக்கு ஒரு உடம்பு இருந்தே ஊர் தாங்கவில்லை, இப்போது ரெண்டா என்றார்கள் பெண்கள்.

குருசாமியிடம் போய்க் கேட்டார்கள். அவர் கண்ணை மூடி, நெடுநேரம் யோசித்து, மாலை ஏறியது ஒருத்தன் கழுத்தில்தான், ஏறாதவன் எங்கே உட்கார்ந்து எதைக் குடித்தால் நமக்கென்ன என்று சொல்லிவிட்டு, பூஜைக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டார். அதோடு ஆன்மிகச் சந்தேகம் தீர்ந்தது. அப்புறம் அவற்றை என்னவென்று கூப்பிடுவது என்ற கேள்வி வந்தது. விரதத்துக்குள் அடங்காமல் மிஞ்சிப் போனவை என்பதால் மிச்சம் என்று பெயர் வைத்தார்கள். பாட்டிலின் அடியில் கடைசியாக நிற்பதையும் அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

இருட்டியதும் மிச்சங்கள் வந்தன, கடையைச் சாத்தியதும் போயின, பகலில் எங்கே இருந்தன என்று யாரும் தேடவில்லை. அவை குடித்துத் தீர்த்த பாட்டில்கள் விடியும்போது மறுபடி நிரம்பி நின்றன, அதனால் பாரை ஏலம் எடுத்தவருக்குப் புகார் எதுவும் இல்லை. ஆனால் தின்ற முட்டைகள் திரும்பி வரவில்லை. அதில் கஷ்டப்பட்டது பாரின் மூலையில் விறகடுப்பு வைத்து ஆம்லெட் போடுகிற சூசை மட்டும்தான், சூசை கஷ்டப்பட்டால் எருமைமட்டத்தில் யாருக்கும் தூக்கம் கெடாது. பெண்களில் ஒருத்தி நாலாம் நாள் இரவு மேலே ஏறி வந்து, பதினொரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த அடியையெல்லாம் தன் புருஷனின் மிச்சத்துக்குத் துடைப்பத்தால் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் அதே புருஷன் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "சாமிக்கு இட்லி வைக்கட்டுங்களா?" என்று கேட்டாள். சாமிக்கு முதுகில் ஒரு தடிப்பும் இல்லை. மிச்சம் வாங்குவது மிச்சத்தோடு என்று தெரிந்ததும் துடைப்பங்களின் வரவு அதிகமானது.

எல்லாவற்றிலும் அதிகம் வெறுக்கப்பட்ட மிச்சம் தவசியினுடையது. தவசி குடித்தால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டான். ஒருத்தன் மகளின் கல்யாணத்தில் மாப்பிள்ளை வழுக்கை என்பான், இன்னொருத்தன் அப்பன் சாவில் கறிச்சோறு எப்போது என்பான், அடி வாங்குவான், மறுநாள் அதே பெஞ்சில் வந்து உட்காருவான். மாலை போட்டதும் அப்படியே தலைகீழாகிவிட்டான். விடியுமுன் எழுந்து, தண்ணீர் டிரம்மின் மேல் படிந்த பனிக்கட்டியைச் சொம்பால் உடைத்து, பல் தந்தியடிக்கக் குளித்தான். செருப்பில்லை, ஸ்வெட்டர் இல்லை, அதட்டல் இல்லை. அவன் மனைவி யோகமலருக்கு இந்த மரியாதை பழக்கமில்லை. தன்னை "மாதா" என்று கூப்பிடும் புருஷனிடம் எதைச் சொல்லிச் சண்டை பிடிப்பது என்று தெரியாமல் அவள் பாத்திரங்களோடு சண்டை பிடித்தாள்.

அவன் விரதம் அத்தனை கடுமையாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. நாலு வருஷமாக நெஞ்சில் கிடந்த ஒன்றை மலையேறிக் கொண்டுபோய்ச் சாமியிடம் மட்டும், யார் காதிலும் விழாமல், இறக்கி வைத்துவிட்டு வந்துவிடலாம் என்பது அவன் கணக்கு. சாமி ஊருக்கு வந்து யாரிடமும் சொல்லப்போவதில்லை அல்லவா?

விஷயம் இதுதான். நாலு வருஷத்துக்கு முன்னால், இதே மார்கழியில், யோகமலரின் அண்ணன் பெரமையா, மகள் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது. நகையை அடகு வைத்து, குத்தகை நிலத்தில், கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு உருளைக்கிழங்கு போட்டிருந்தார். உறைபனி விழும் இரவுகளில் விடிவதற்குள் மோட்டாரைப் போட்டு, ஸ்பிரிங்க்ளரில் தண்ணீர் தெளித்து, இலைமேல் படிந்த பனியைக் கழுவிவிட வேண்டும். கழுவாமல் விட்டால், வெயில் பட்டதும் பத்தே நிமிஷத்தில் செடி கருகிப்போகும். யாரும் திருட்டுத்தனமாக மோட்டாரைப் போடாமலிருக்கப் கரண்ட் பெட்டியிலிருந்து, ஃபியூஸ் கம்பி மாட்டிய பீஸ்கட்டையைக் கழற்றிக் கையோடு வைத்திருப்பது அங்கே வழக்கம். பஸ் ஏறும்போது பெரமையா அந்தப் பீஸ்கட்டையைத் தவசி கையில் கொடுத்து, "மாப்ள, நாலு மணிக்கு எந்திரிச்சுப் போட்டுரு மாப்ள" என்று ரெண்டு தடவை சொன்னார். அந்த ராத்திரி தவசி பார் பெஞ்சில், பீஸ்கட்டை மடியில் இருக்க, பிணம்போல் கிடந்தான். எழுந்தபோது வெயில் வந்துவிட்டது, கிழங்குக் காடு முழுக்கத் தீய்ந்த தோசைபோல் கறுத்துக் கிடந்தது.

பீஸ்கட்டையை ஓடையில் எறிந்துவிட்டு, அதைப் பெட்டியிலேயே மாட்டி வைத்துச் சாப்பிடப் போனேன், வந்து பார்த்தால் காணோம், மோட்டார்க்கார சூசைதான் அந்தப் பக்கம் நின்றான் என்று தவசி சொன்னான். முந்தின வாரம் சூசை, மோட்டார் போட்ட கூலிக்காகப் பெரமையாவிடம் சத்தம் போட்டிருந்தான், அதனால் கதை கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது. ஊர் சூசையை அடித்தது. மோட்டார் வேலை போனது, மனைவி குழந்தையோடு தாய் வீட்டுக்குப் போனாள், ஒருத்தரும் வேலை கொடுக்காததால் கடைசியில் இந்தப் பாரின் அடுப்படியில் வந்து நின்றான். நாலு வருஷமாக அவனுக்குப் பெயரே பீஸ்கட்டைதான். "பீஸ்கட்டை, ஒரு டபுள் ஆம்லெட்!" என்று கத்துகிறவர்களில் தவசியும் ஒருத்தன்.

எத்தனை குடித்தாலும் எத்தனை உளறினாலும் இந்த ஒன்று மட்டும் நாலு வருஷமாகத் தவசி வாயிலிருந்து வந்ததில்லை. உள்ளே பயம் காவல் நின்றது. மாலை போட்ட அன்று ஆள் ரெண்டானபோது பயம் மொத்தமும் விரதம் இருந்தவனோடு வந்துவிட்டது, ரகசியம் ரெண்டு பேரிடமும் தங்கிவிட்டது. இதை அவன் யோசிக்கவில்லை.

இருபதாம் நாள் காலை, குழாயடியில், பெரமையா அவன் எதிரில் வந்து நின்றார். தங்கச்சியை அழவைக்கிறவன் என்பதால் இவனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஆனாலும் குனிந்து காலைத் தொட்டார், பல்லைக் கடித்துக்கொண்டு தொட்டார்.

"சாமி சரணம். நேத்து ராத்திரி ஒங்க மிச்சம் மேச மேல ஏறி நின்னு 'நாந்தான் நாந்தான்'னு கத்துச்சாமே சாமி?"

"அது குடிச்சுட்டுக் கத்துறது..."

"பீஸ்கட்டைன்னும் ஏதோ சொல்லுச்சாம். அங்க இருக்குற நாய்ங்க ஒண்ணும் வெளக்கமாக் கேக்கல. இன்னிக்கு ராத்திரி நானே போயி ஒக்காந்து கேக்கப்போறேன் சாமி."

அன்று பகல் முழுக்கத் தவசி தேயிலைக் கொழுந்துக்குப் பதில் முற்றின இலையாகப் பறித்தான். சாயங்காலம் வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிந்தது, ஒரு மேகம் இல்லை, காற்றில்லை. இன்று உறைபனி கொட்டும் என்று ஊருக்கே தெரிந்தது. இருட்டியதும் அவன் துண்டைப் போர்த்திக்கொண்டு கிளம்பினான்.

"எங்க சாமி இந்தக் குளுருல?" என்றாள் யோகமலர்.

"பஜனைக்கு மாதா."

"பஜனை கீழ நடக்குது. நீங்க மேல போறீங்களே சாமி?"

அவன் மேலேயே நடந்தான். வெறுங்கால் பட்ட புல்லெல்லாம் நொறுங்கியது. முதல் வளைவில் விரல்கள் எரிந்தன, ரெண்டாம் வளைவில் குத்தின, மூன்றாம் வளைவில் கால்கள் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது, அதற்கு மேல் ஐயப்பனைக் கூப்பிடுவதா அம்மாவைக் கூப்பிடுவதா என்று குழம்பி ரெண்டு பேரையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டே ஏறினான். பெரமையா வருமுன் மிச்சத்தின் வாயை அடைத்தாக வேண்டும், அவ்வளவுதான் அவன் வேண்டுதல்.

தகரக் கதவைத் தள்ளியதும் பாரில் இருந்த அத்தனை பேரும், கழுத்தில் மாலையைக் கண்ட பழக்கத்தில், எழுந்து நின்றுவிட்டார்கள். ஒரு கையில் கிளாஸ், இன்னொரு கையால் கும்பிடு. அப்புறம்தான் வந்திருப்பது தவசி என்று தெரிந்தது, உடனே எல்லார் முகமும் சுளித்துக்கொண்டது. வழுக்கை மாப்பிள்ளையின் மாமனார் அங்கே இருந்தார், கறிச்சோறு கேட்கப்பட்ட சாவு வீட்டுக்காரனும் இருந்தான், ஒரு வார்த்தைக்காவது இவனை அடிக்க ஆசைப்படாத ஆள் அந்தக் கொட்டகையில் இல்லை. அடிக்கத்தான் முடியாது.

"சாமி இங்கெல்லாம் வரக்கூடாதுங்க சாமி."

"வந்ததுதான் வந்தீங்க, கதவச் சாத்துங்க சாமி, குளுரு உள்ள வருது. எந்த ஊருப் புத்திகெட்ட சாமியோ."

"ஏன் சாமி, எங்க வாயில மண்ணள்ளிப் போடவா வந்தீங்க? ஓரமா நின்னு தொலைங்க சாமி."

சுவரை ஒட்டிய நீள பெஞ்சில் பதினேழு மிச்சங்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கடைசியில் அவனுடையது. அவனுடைய பழுப்பு ஸ்வெட்டர், அவனுடைய குல்லா, ரப்பர் பூட்ஸுக்குள் அவனுடைய ஒரே ஜோடி காலுறை. அந்தக் காலுறையைப் பார்த்தபோது தவசிக்கு அழுகையே வந்துவிட்டது.

மிச்சம் அவனை மேலும் கீழும் பார்த்தது. "யார்ரா இவன், என் மூஞ்சிய மாட்டிக்கிட்டுத் திரியிறான்?"

"எந்திரிச்சு வா," என்றான் தவசி காதோரம். "வெளிய போயிப் பேசுவோம்."

"வெளிய குளுரு. பேசுறத இங்கயே பேசு. எனக்கு ஒளிக்க ஒண்ணுமில்ல."

"பெரமையா மச்சான் வர்றாரு. ஒன் காலப் புடிச்சுக் கேக்குறேன், வாயத் தொறக்காத."

"கால விடுறா, பூட்ஸ் கழண்டுக்கும்." மிச்சம் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது. "பயமா ஒனக்கு? அது எப்படி இருக்கும்? எனக்கு மறந்தே போச்சு."

கதவு திறந்து பெரமையா வந்தார். அவர் குடிக்கிறவர் இல்லை. மேசைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, டார்ச்சைத் தொடைமேல் வைத்து, "ம். இப்பச் சொல்லு," என்றார் மிச்சத்திடம். தவசி ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீங்க சும்மா இருங்க சாமி," என்றார் பெரமையா, ரொம்பப் பணிவாக.

மிச்சம் மேசைமேல் ஏறி நின்றது. தகரத்தில் தலை இடிக்க, சுற்றியிருந்தவர்களை ராஜாபோல் பார்த்து, "நாந்தான்," என்றது. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னது. பஸ் ஸ்டாப்பில் கொடுத்த பீஸ்கட்டை, பார் பெஞ்சு, மடி, வெயில், ஓடை, அப்புறம் சூசைமேல் போட்ட பழி, ஒன்று விடாமல், ஏப்பம் விட்டுவிட்டு, நடுவில் ஒரு வாய் குடித்து, மறுபடி தொடர்ந்து, முடித்துவிட்டு, "போதுமா?" என்று கேட்டது.

அப்புறம் கொட்டகை அதிரச் சிரித்தார்கள்.

"டேய் பீஸ்கட்டை, கேட்டியாடா, ஒனக்கு வக்கீலு வந்துட்டாரு!"

சூசை அடுப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆம்லெட்டைத் திருப்பிப் போட்டான். "இருவது நாளாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றான். "தெனம் ராத்திரி வந்து இந்த அடுப்போரமா நின்னு சொல்லிட்டுத்தான் போறாரு. எனக்குக் காது இருக்கு. ஒங்களுக்குத்தான் இல்ல."

பெரமையா மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டூலோடு திரும்பித் தவசியைப் பார்த்தார். "மால கெடக்குற கழுத்து பொய் சொல்லாது. நீங்க சொல்லுங்க சாமி. இது சொல்றது நெசமா?"

நாலு வருஷத்தில் இப்படி நேருக்கு நேர் யாரும் கேட்டதில்லை. சொன்னால் யோகமலர் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள், ஊர் சூசைக்குச் செய்ததை இவனுக்குச் செய்யும், இனி இந்த மலையில் ஒரு வீட்டு வாசலில்கூட நிற்க முடியாது. சொல்லாவிட்டால் எதுவும் ஆகாது. சூசைக்கேகூட இது பழகிவிட்டதே.

"குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சுங்க," என்றான் தவசி.

பொய் என்று தான் சொல்லவில்லை, ஒரு பழமொழிதான் சொன்னேன் என்று உடனே மனசுக்குள் குறித்துக்கொண்டான், அவ்வளவு கெட்டிக்காரன். பெரமையாவுக்கு அது போதும். நாலு வருஷத்துக் கடனும் கருகின கிழங்கும் அவர் கழுத்தில் நரம்பாகப் புடைத்தன. "எஞ் செத்துப்போன வெள்ளாமைய வச்சு வெளையாட்டா ஒனக்கு?" என்று மேசையிலிருந்த மிச்சத்தின் காலைப் பிடித்து இழுத்தார். அதற்குத்தான் காத்திருந்ததுபோல் எல்லாரும் பாய்ந்தார்கள். வழுக்கை மாப்பிள்ளையின் மாமனார் அடித்தார், சாவு வீட்டுக்காரன் உதைத்தான், இருபது நாளாகச் சாமியை அடிக்க முடியாத ஆத்திரம் முழுக்க மிச்சத்தின்மேல் விழுந்தது. ஸ்வெட்டரை உருவினார்கள், குல்லாவை, பூட்ஸை, காலுறையை உருவினார்கள், அரைஞாண்கயிறும் டிராயருமாகத் தூக்கி வெளியே உறைபனியில் எறிந்து கதவுக்குத் தாழ் போட்டார்கள்.

"சாமிக்குக் குளுருதுப்பா," என்று யாரோ அந்த ஸ்வெட்டரைத் தவசி தோளில் போட்டார்கள். "ஒக்காருங்க சாமி, அடுப்புகிட்ட ஒக்காருங்க. விடியிறதுக்குள்ள அது வெறைச்சுச் செத்துரும். ஒங்களப் புடிச்ச பீடை ஒழிஞ்சுது, இனி ஆயுசுக்கும் நீங்க சாமிதான்."

அவன் உட்கார்ந்தான். கேட்டுக்கொண்டு வந்ததெல்லாம் கிடைத்துவிட்டது. ரகசியம் வெளியே கிடந்து விறைத்துக்கொண்டிருந்தது, கால்கள் அடுப்புச் சூட்டில் ஒவ்வொரு விரலாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. வெளியே மிச்சம் முதலில் உள்ளே இருக்கிற ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லித் திட்டியது, உள்ளே இருந்தவர்கள் மார்க் போட்டுச் சிரித்தார்கள். அப்புறம் காலுறையை மட்டுமாவது எறியச் சொல்லிக் கெஞ்சியது. அப்புறம் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் வந்தது. அப்புறம், "தவசி," என்று கூப்பிட்டது. "டேய் தவசி. எனக்குக் கையி தெரியலடா."

தவசி நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். வெட்கமாக இருந்தது. நாலு வருஷத்தில் பயந்திருக்கிறான், தூங்காமல் இருந்திருக்கிறான், அழுதும் இருக்கிறான், ஆனால் வெட்கப்பட்டதில்லை. அது இப்படி வயிற்றிலிருந்து எரிந்துகொண்டு ஏறும் என்று அவனுக்குத் தெரியாது. இருந்தும் எழுந்திருக்கவில்லை.

எழுந்தது சூசைதான். சட்டியை இறக்கினான், எரியும் கட்டைகளை வெளியே இழுத்தான், குடத்துத் தண்ணீரைத் தூக்கி அவற்றின்மேலும் அடுப்பிலும் ஊற்றினான். புகையும் சாம்பலும் கொட்டகை முழுக்க எழும்பின.

"டேய் பீஸ்கட்டை, பைத்தியமாடா ஒனக்கு? குளுருல சாவவா நாங்க?"

"என் ஆம்லெட்டு?"

அவன் தாழை நீக்கி வெளியே போனான். புல்லில் சுருண்டு கிடந்த மிச்சத்தை, மூட்டை தூக்குவதுபோல், ஒரு எக்கு எக்கித் தோளில் போட்டுக்கொண்டான். கதவுக்கு நேராகத் திரும்பி நின்று, எல்லாரையும் விட்டுத் தவசியிடம் மட்டும் பேசினான்.

"இந்த ஊர்ல எனக்கு இருக்குற ஒரே சாட்சி இவருதான். இவரு செத்துட்டா எனக்கு ஆளில்ல. எங்கூட வச்சுக்குறேன். ஒனக்கு வேணும்னா வீட்டுக்கு வந்து வாங்கிக்க. வரும்போது வாயோட வா."

போய்விட்டான். அடுப்பு அணைந்ததும் தகரத்தின் எல்லா ஓட்டையிலிருந்தும் குளிர் உள்ளே வந்து உட்கார்ந்தது. பிராந்தி இருந்தது, தின்ன எதுவும் இல்லை, நெருப்பு இல்லை, ஈரமான கட்டையை ஊதி ஊதி நாலு பேர் கண் சிவந்ததுதான் மிச்சம். எல்லார் கோபமும் சாமிமேல் திரும்பியது.

"எல்லாம் ஒங்களாலதான் சாமி. நல்லாக் குடிச்சுக்கிட்டு இருந்தோம்."

"போயி அவன இழுத்துட்டு வந்து அடுப்ப மூட்டச் சொல்லுங்க சாமி. ஒங்க மொகத்துக்கு வருவான்."

தவசி எழுந்தான். ஸ்வெட்டரைத் தோளிலிருந்து எடுத்தான், தரையில் கிடந்த குல்லாவையும் பூட்ஸையும் காலுறையையும் பொறுக்கி அதில் சுற்றிக்கொண்டான். அவன் வெளியே இறங்கியதும் பின்னாலேயே மற்றவர்களும் இறங்கினார்கள், சிலர் அடுப்புக்காக, சிலர் வேடிக்கைக்காக, பெரமையா டார்ச்சோடு. பாருக்குப் பின்னால் ஆறேழு தேயிலை வரிசை தாண்டி, பழைய எஸ்டேட் சாமான் அறை ஒன்றில் சூசை குடியிருந்தான். பனி வெளிச்சத்தில் வரிசையாய், பல் தந்தியடிக்க, திட்டிக்கொண்டு, வழுக்கி விழுந்து, எழுந்து திட்டிக்கொண்டு, எருமைமட்டத்துக் குடிகாரர்கள் ஒரு சாமியின் பின்னால் போனார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் யாத்திரை என்றே நினைத்திருப்பீர்கள்.

தவசி கதவைத் தட்டினான்.

"யாரு?" என்றான் சூசை உள்ளிருந்து.

"நாந்தான்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நாந்தான்னா?" என்றது குரல். "உள்ள ஒருத்தன் இருவது நாளா அதையேதான் சொல்றான். நீ எந்த நாந்தான்?"

தவசி திரும்பிப் பார்த்தான். பெரமையாவின் டார்ச் அவன் முகத்தில் அடித்தது. அவன் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

"நாந்தான் சூசை. பீஸ்கட்டை எம் மடியிலதான் இருந்துச்சு. குடிச்சுட்டுப் பெஞ்சுல கெடந்தேன். மோட்டாரு போடாதது நாந்தான். ஓடையில எறிஞ்சதும் நாந்தான். நீ அந்தப் பக்கமே வரல. ஒம்மேல பழியப் போட்டது நாந்தான் சூசை."

யாரும் சிரிக்கவில்லை. கழுத்தில் மாலை கிடந்தது, வாயில் சாராய நாற்றம் இல்லை, சிரிக்க வழியில்லாமல் போய்விட்டது. டார்ச் வெளிச்சம் அவன் முகத்திலிருந்து நெஞ்சுக்கு இறங்கி மாலைமேல் நின்றது. பெரமையா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது. அதை அடக்க அவர் பட்ட பாட்டில் மூச்சு உறுமலாக வந்தது. கடைசியில் அந்தக் கையைக் கீழே கொண்டுவந்து, குனிந்து, தவசியின் விறைத்த பாதத்தைத் தொட்டார். தொட்ட இடத்தில் நகம் பதிந்தது.

"சாமி சரணம்," என்றார். "இன்னும் இருவத்தொரு நாளு இருக்கு. மாலயக் கழட்டுற அன்னிக்கு நான் வருவேன். அதுவரைக்கும் எங்கண்ணுல பட்றாதீங்க சாமி. எந் தங்கச்சிய விடியிறதுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போயிருவேன்."

அவர் டார்ச்சோடு இறங்கிப் போனதும் இருட்டில் மற்றவர்கள் தொண்டையைச் செருமினார்கள். நாலு வருஷமாக ஒருத்தனை அடித்தும் துப்பியும் பழகியவர்கள் ஒருத்தரையொருத்தர் முன்னால் தள்ளிவிட்டார்கள். மாமனார்தான் துணிந்தார். "சரி சூசை. தெரியாம நடந்துபோச்சு. மனசுல வச்சுக்காத. வந்து அடுப்ப மூட்டுப்பா."

கதவு திறந்தது. சூசை தன் கம்பளியில் சுற்றியிருந்த மிச்சத்தைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நின்றான். மாமனாரை அவன் பார்க்கவே இல்லை.

"நாளைக்கு நான் பஸ்ஸு ஏறுறேன். எம்புள்ளையப் பாக்கணும். முட்டைய நீங்களே ஒடச்சு ஊத்திக்குங்க." மிச்சத்தைத் தவசி பக்கம் தள்ளினான். "இந்தா. இனி எனக்கு இவரு வேணாம். சாட்சி ஒண்ணு போதும்."

"சூசை..."

"மன்னிப்பு கின்னிப்புன்னு வாயத் தொறந்த, மாலைன்னும் பாக்கமாட்டேன். நான் கும்புடுறது வேற சாமி." கதவைச் சாத்திக்கொண்டான்.

கூட்டம் கலைந்தது. கைகொடுக்க ஒருத்தரும் நிற்கவில்லை. தவசி மண்டியிட்டு மிச்சத்துக்குக் காலுறையை மாட்டினான், பூட்ஸை மாட்டினான், ஸ்வெட்டரையும் குல்லாவையும் போட்டுவிட்டு முதுகில் ஏற்றிக்கொண்டு ஊர்ப்பக்கம் இறங்கினான். தன் கனம் இவ்வளவு என்று அவனுக்கு இதுவரை தெரியாது. கீழே வீட்டில் விளக்கு எரிந்தது, யோகமலர் மூட்டை கட்டத் தொடங்கியிருப்பாள். புல் நொறுங்கியது, கால்கள் மறுபடி இல்லாமல் போயின.

ரெண்டாம் வளைவில் மிச்சத்துக்கு நினைவு வந்தது. காதுக்குள் பிராந்தி வாசனையோடு கேட்டது. "என்னடா ஆச்சு?"

"சொல்லிட்டேன்."

"நம்புனாங்களா?"

"நம்புனாங்க."

"நான் இருவது நாளாச் சொன்னேன், ஒரு நாயும் நம்பல." மிச்சம் கொஞ்சநேரம் அதை நினைத்துப் பொருமியது. அப்புறம் விஷயம் மெல்ல உறைத்திருக்க வேண்டும், அவன் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. "டேய். அப்ப நம்மள அடிச்சே கொன்னுருவானுங்களேடா."

"ஆமா," என்றான் தவசி. "நம்மளத்தான்."

முதுகில் சரிந்த கனத்தை ஒரு எக்கு எக்கிச் சரிசெய்துகொண்டு கீழே நடந்தான்.